பாலில் வந்த நஞ்சு

வீட்டுக்கு ஒரு பசு என்பது குடியானவனின் செல்வங்களுள் தலையாயது. குழந்தைக்குப் பாலும், முதியோருக்கு மோரும், வயலுக்கு எருவும் அதனால் வருவன. நல்ல புல்லை மேய்ந்த பசு நற்பால் தரும் என்பதை எவரும் அறிவர். ஆயின், பசு எதனை மேயலாகாது என்பதை அறிதற்கு வட அமெரிக்கக் குடியேறிகள் கொடுத்த விலை மிகப் பெரிது. அந்த அறிவு அவர்களுக்கு முழுமையாகக் கிட்டுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. அதற்குள் ஆயிரக்கணக்கான உயிர்கள் மாண்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக அப்பலேச்சிய மலைகளைக் கடந்து மேற்கே சென்றனர். ஒகையோ, கென்ரக்கி, இந்தியானா, இலினோய் ஆகிய பகுதிகளில் அடர்ந்த காட்டை வெட்டிக் குடிசை அமைத்தனர். வெட்டிய சிறு நிலத்திலே சோளம் விளைத்து, அதனைச் சுற்றி வேலியும் அடைத்தனர். வேலி பயிருக்கேயன்றிப் பசுவுக்கு அன்று. பசுவின் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிக் காட்டிலே விட்டுவிடுவதே அக்கால வழக்கம். காடு பசுமையாக இருந்தது. ஆதலால் மேய்ச்சலுக்குக் குறைவில்லை என்று எண்ணினர்.

அப்பசுமையினுள்ளே ஒரு செடி மறைந்திருந்தது. மரநிழலையும் ஈரம் பொருந்திய வளமான மண்ணையும் நாடி வளர்வது அது. மூன்றடி உயரம் எழுந்து, கோடையின் பிற்பகுதியிலே சிறு சிறு வெண்மலர்களைக் கொத்தாகப் பூக்கும். வெள்ளைப் பாம்புவேர் என்ற பொருள்படும் பெயரால் அதனை அந்நாட்டார் வழங்குவர். அதை மேய்ந்த மாடும் குதிரையும் ஆடும் உடல் நடுங்கி விழுந்தன. பால் கொடுக்கும் பசுவின் நிலையோ இன்னும் வஞ்சகமானது. நஞ்சிற் பெரும்பகுதி பாலோடு வெளியேறிவிடுவதால், பசு நோயின்றித் தோன்றும்; பாலைக் குடித்த கன்றும் மனிதரும் வீழ்வர். தளர்ச்சி, ஓயாத வாந்தி, கடும் மலச்சிக்கல், மூச்சில் ஒருவகை நாற்றம், பின்னர் உணர்விழப்பு என்று அந்நோய் முற்றும். வெண்ணெயிலும் நஞ்சு கலந்திருந்தது. மக்கள் இதனைப் பால் நோய் என்றனர்.

1816ஆம் ஆண்டு கென்ரக்கியை விட்டு இந்தியானாவின் லிற்றில் பிஜன் கிறீக் என்னும் குடியேற்றத்துக்கு வந்தவர் தோமஸ் லிங்கன். 1818ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அங்கே இந்நோய் புகுந்தது. அயலிலிருந்த உறவினரான தோமஸ் ஸ்பரோவும் அவர் மனைவி எலிசபெத்தும் முதலில் இறந்தனர். ஒக்ரோபர் 5ஆம் நாள் தோமஸ் லிங்கனின் மனைவி நான்சியும் கண்மூடினார். அவருக்கு வயது 34. தாயை இழந்த மகனுக்கு வயது 9. அவனே பிற்காலத்தில் அமெரிக்க நாட்டின் சனாதிபதியான ஆபிரகாம் லிங்கன். 1830இல் அக்குடும்பம் இலினோய்க்குப் பெயர்ந்தமைக்கு, மீண்டும் பரவிய பால் நோய்ப் பேச்சும் ஒரு காரணமாயிற்று.

நோயின் மூலம் யாதென வைத்தியர்கள் பலவாறு கூறினர். மண்ணிலுள்ள உலோக நஞ்சு என்றனர் சிலர். சதுப்பு நிலத்து ஆவி என்றனர் வேறு சிலர். பசுவின் பின்னே நடந்து பார்த்தவர்களோ மேய்ச்சல் நிலத்தையே ஐயுற்றனர். இலினோயில் மருத்துவிச்சியாகப் பணியாற்றிய அன்னா பிக்ஸ்பி என்னும் பெண்ணுக்கு, ஷோனி என்னும் பழங்குடியைச் சேர்ந்த முதியவள் ஒருத்தி அச்செடியைக் காட்டினாள் என்றும், அன்னா ஊராரைத் திரட்டி அதனை வேரோடு களைவித்தார் என்றும் அப்பகுதியில் வழிவழியாகக் கூறுவர். 1838இல் ஒகையோவைச் சேர்ந்த ஜோன் றோ என்னும் உழவர் அதே செடியே காரணமென வெளிப்படுத்தினார். புகழ்பெற்ற வைத்தியரான டானியல் டிறேக் இதனை ஏற்றாரில்லை. 1841இல் அவர் வெளியிட்ட நூல் வேறொரு நச்சுக்கொடியையே சுட்டியது. உழவன் சொல் அம்பலம் ஏறவில்லை. மக்கள் தொடர்ந்து மாண்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகையோவின் பாடசாலை ஆசிரியர் எட்வின் மோஸ்லி அச்செடியை விலங்குகளுக்கு ஊட்டிச் சோதனை செய்து, 1906இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1920களின் இறுதியில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வேதியியலறிஞர் ஜேம்ஸ் கவுச் அதிலிருந்து திரெமெற்றோல் என்னும் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தார். முதியவளும் மருத்துவிச்சியும் உழவரும் கண்ட உண்மைக்கு அப்போதுதான் அறிவியலின் முத்திரை கிடைத்தது.

இங்கே ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பசு அச்செடியை விரும்பித் தேடிச் சென்றதன்று. மழை பொய்த்துப் புல் கருகும் காலத்திலேயே அது மரநிழலுக்குட் சென்று, அங்கே பசுமையாக நின்றதைக் கடித்தது. கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் நோய் மிகுந்தமையும், கடும் உறைபனியிற் செடி கருகியபின் தணிந்தமையும் இதனாலேயே. எனவே, சத்துள்ள மேய்ச்சலும் தீங்கற்ற மேய்ச்சலும் இருவேறு பொருள்கள் அல்ல. வயிறு நிறையப் புல் கிடைக்கும் பசு நஞ்சை நாடுவதில்லை. பசித்த பசுவே எதனையும் கடிக்கும்.

காடு குறைந்து, புல் விதைத்த வெளிகள் பெருகி, மேய்ச்சல் நிலத்துக்கும் வேலி வந்தபோது பால் நோயும் அருகியது. பல பண்ணைகளின் பாலை ஒன்றாகக் கலந்து விற்கும் முறை, எஞ்சிய நஞ்சையும் நீர்த்துப்போகச் செய்தது. ஆயினும் ஒரே பசுவின் பாலை நாள்தோறும் அருந்தும் வீட்டுக்கு அந்தக் காவல் இல்லை. அவ்வீட்டார் மேய்ச்சல் நிலத்தை மாரியிற் பார்த்து மதிப்பிடுதல் போதாது. கடுங்கோடையில், புல் தீர்ந்த பின்னர், வேலியோரத்திலும் மரநிழலிலும் பசுமையாக எஞ்சி நிற்பது எது என்று ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். அதன் பெயர் தெரியாதாயின், தெரிந்தவரைக் கேட்டபின்பே பசுவை அவிழ்த்துவிடுதல் தகும்.