கைநாட்டும் கைதுக் குறிப்பாணையும்: பேராசிரியர் கல்யாணியின் உரிமைப் பணி

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, முண்டியம்பாக்கத்தைச் சுற்றிய கரும்பும் நெல்லும் விளையும் பூமியில், எலி பிடித்தும் கரும்பு வெட்டியும் செங்கல் சூளைகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டும் வாழ்பவர்கள் பழங்குடி இருளர்கள். இரவில் வயல்வெளியில் நடமாடுவது அவர்கள் பிழைப்பு. அக்கம்பக்கத்தில் களவு போனால் அதுவே அவர்கள்மேல் சந்தேகம் விழவும் காரணமாகிறது.

திண்டிவனம் பேராசிரியர் கல்யாணி (பிரபா கல்விமணி) 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிய பின்னணி இது. இயற்பியல் கற்பித்த இவர், திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் உருவாக்கினார். பள்ளியைக் கல்விப் பணியென்றும் சங்கத்தை உரிமைப் பணியென்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். குற்றவியல் நீதியின் நடைமுறையிலிருந்து பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதின்போது காவலர்கள் பின்பற்ற வேண்டிய 11 நெறிகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று கைதுக் குறிப்பாணை. அதில் கைதான நாளும் நேரமும் குறிக்கப்பட வேண்டும். குடும்பத்தார் அல்லது ஊரில் மதிக்கத்தக்கவர் ஒருவர் சாட்சியாக ஒப்பமிட வேண்டும். கைதானவரும் ஒப்பமிட வேண்டும். நெறி நல்லதுதான். ஆனால் படிக்கத் தெரிந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கைநாட்டு வைப்பவர்முன் நீட்டப்படும் தாள் குறிப்பாணையா, வாக்குமூலமா, வெற்றுத்தாளா? முந்தாநாள் இரவு பிடித்துவந்தவரை இன்று காலை பிடித்ததாக எழுதிவிட்டால், 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தச் சொல்லும் அரசமைப்பின் 22ஆம் பிரிவு காகிதத்தில் பிழைத்துக்கொள்ளும். காவலரிடம் தந்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அதன்வழி கண்டெடுத்ததாக மகஜரில் (கைப்பற்றல் பதிவில்) ஏறும் பொருளோ செல்லும். பொய் வழக்குக்கு அச்சாணி அந்தப் பெருவிரல் மைதான்.

வழக்காடுவதே போதாதா என்று கேட்கலாம். 1993இல் அத்தியூரில் இருளர் பெண்ணொருவரைப் புதுச்சேரிக் காவலர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததாக எழுந்த வழக்கில், 2006இல்தான் விழுப்புரம் நீதிமன்றம் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர்க் காவலர்கள்மீது இருளர் பெண்கள் நால்வர் பாலியல் வன்முறைப் புகார் கூறினர். வழக்கு தேவைதான்; ஆனால் அது கொடுமை நடந்தபிறகே தொடங்குகிறது, பல்லாண்டு இழுக்கிறது, கையில் வந்த தீர்ப்பும் நழுவக்கூடும்.

களவு கொடுத்தவருக்கு நீதி வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. ஆள் மாற்றிப் பிடித்தால் உண்மைத் திருடன் வெளியே உலவுவான். பொருள் பறிகொடுத்தவருக்கும் அது நீதியாகாது.

எழுத்தறிவு மட்டும் லத்தியைத் தடுத்துவிடாது என்பது உண்மை. படித்தவர்களும் காவலில் அடிபட்டிருக்கிறார்கள். ஆனால் எப்போது பிடித்தார்கள், எந்தத் தாளில் ஒப்பம் வாங்கினார்கள் என்று நடுவரிடம் தானே சொல்லக்கூடியவரின் பெயரில் பொய் ஆவணம் தயாரிப்பது கடினம். ஆகவே சீர்திருத்தம் பேசுவோர் ஒரு சிறு மாற்றத்திலிருந்து தொடங்கலாம்: குறிப்பாணையை உரக்கப் படித்துக்காட்டி, கைதானவர் தரப்பில் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒப்பமிட்டாலன்றி ரிமாண்ட் இல்லை என்பது விதியாகட்டும். அப்படி ஒப்பமிட ஒவ்வோர் இருளர் குடியிருப்பிலும் ஒருவரையாவது உருவாக்குவது பள்ளியின் வேலை.