கோடாரியும் கரிமூட்டமும்: சேதுச் சீமையின் மரம்வெட்டிகள்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'விறகு விற்ற படலம்' என்றொரு பகுதி உண்டு. பாணபத்திரருக்காகச் சொக்கநாதர் விறகுத் தலையராக மதுரைத் தெருவில் வந்து, ஒரு திண்ணையில் அமர்ந்து பாடி, ஏமநாதனை ஊரைவிட்டே ஓடச் செய்த கதை. 1965-இல் வந்த திரைப்படத்தால் அது படிக்காதவர்க்கும் பழகிப் போயிற்று. அந்தக் கதையில் இறைவன் விறகைச் சுமக்கிறான், விற்கிறான், பாடுகிறான். ஆனால் விறகை எங்கே வெட்டினான், எதைக் கொண்டு வெட்டினான் என்று கேட்பவர் இல்லை. பாட்டில் மயங்கிய நாமும் கேட்டதில்லை. இலக்கியம் படித்தவர்களாகிய நமக்கு விறகு தலையில் ஏறிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

மதுரையிலிருந்து கிழக்கே இறங்கி, பரமக்குடி தாண்டி முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி என்று கடற்கரை நோக்கிப் போகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல். இடையிடையே மண்மேடுகளிலிருந்து மெல்லிய புகை. அதற்குக் கரிமூட்டம் என்று பெயர். மழை பொய்த்த ஆண்டுகளில் இச்சீமையின் பல குடும்பங்களுக்கு உலை வைத்தது அந்தப் புகைதான்.

சீமைக்கருவேலத்தைக் காமராசர்தாம் கொண்டுவந்து தூவினார் என்று இன்றும் பலர் உறுதியாகச் சொல்வதைக் கேட்கலாம். வெள்ளைக்காரன் நம் மண்ணைக் கெடுக்கவே விதைத்தான் என்று சொல்பவரும் உண்டு. ஆவணங்கள் சொல்வது இவ்வளவு சுவையான கதை அன்று. 1870-களில் இரயில்பாதைகள் பரவி, காடுகள் குறைந்து, விறகுத் தட்டுப்பாடு பற்றிய கவலை சென்னை மாகாண வனத்துறையைப் பிடித்திருந்தது. அப்போது வன அதிகாரியாக இருந்த பெட்டோம் வறண்ட நிலத்தில் வளரும் மரமொன்றின் விதையைக் கேட்டுப் பெற்றார். 1877-இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அது நடப்பட்டது. தாது வருடப் பஞ்சம் மக்களைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டு அது. மரத்தின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகள். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று தாவரவியலார் நெடுங்காலம் அழைத்துவந்த இதனை, 2022-இல் நெல்டுமா என்னும் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நம் மக்கள் வைத்த பெயர்கள் அப்படியே இருக்கின்றன: வேலிக்கருவை, வேலிக்காத்தான், சீமைக்கருவை. முதலில் இது வேலிக்குத்தான் பயன்பட்டது என்பதைப் பெயரே சொல்கிறது.

அதற்கு முன் இங்கே மரமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கண்மாய்க்கரைகளில் நாட்டுக்கருவேல் நின்றது. கலப்பைக்கும் வண்டிக்கும் அதுவே மரம். கடற்கரை மணலில் பனை. பாம்பன் தீவிலும் மண்டபம் பக்கத்திலும் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம். ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு முள். அந்தக் காலத்து மரம்வெட்டி ஆண்டு முழுதும் மரம் வெட்டியவன் அல்லன். உழவன்தான், வேண்டும்போது கோடாரி எடுத்தான். மரம் வெட்டுவதே பிழைப்பு என்றானது சீமைக்கருவேல் பெருகிய பிறகுதான்.

இந்த மாவட்டத்து வேளாண்மையின் நாள்கணக்கை அறிந்தால் காரணம் விளங்கும். வானம் பார்த்த நிலம். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல் விதைத்து வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பார்கள். தை, மாசியில் அறுவடை. மழை நன்றாகப் பெய்தாலும் அதன்பின் ஆறேழு மாதம் நிலத்தில் வேலை இல்லை. மழை பொய்த்தால் ஆண்டு முழுதுமே இல்லை. தரிசாய்ப் போட்ட நிலத்தில் மூன்று நான்கு ஆண்டில் சீமைக்கருவேல் வெட்டுக்கு வந்துவிடும். நெல்லை மறுத்த மண் விறகைக் கொடுத்தது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். இந்த மரம் ஒற்றை அடிமரமாய் நேராக எழுவதன்று. தரையிலிருந்தே பல கிளைகளாய்ப் பிரிந்து, வளைந்து, முள்ளோடு மண்ணைத் தொட்டுக் கிடக்கும். எனவே கோடாரிக்கு முன்னால் அரிவாளுக்கு வேலை. நீண்ட பிடியுள்ள அரிவாளால் வெளிமுள்ளைக் கழித்து, கவைக்கம்பால் தள்ளி ஒதுக்கி, உடம்பு நுழையும் அளவு வழி செய்துகொண்டு அடிமரத்தை அடைய வேண்டும். அதன் பிறகே கோடாரி. தூரைத் தோண்டக் கடப்பாரையும் மண்வெட்டியும். பெரும்பாலும் கணவன் வெட்ட, மனைவி முள்ளை இழுத்து, துண்டுகளை அடுக்கி, கட்டிச் சுமப்பாள். கூலி ஒரே கணக்கில் எழுதப்படும். அவள் உழைப்புக்குத் தனிப் பத்தி எந்தக் கணக்கு நோட்டிலும் இருப்பதில்லை.

காப்புக் கருவி என்று சொன்னால் ஒரு பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, டயரில் வெட்டித் தைத்த செருப்பு. சாதாரணச் செருப்பை ஊடுருவும் முள் இது. தைத்த முள் உள்ளே முறிந்து நின்றுவிட்டால் அந்த இடம் வீங்கிச் சீழ் வைக்கும். மூட்டில் தைத்தால் பல நாள் வேலை போகும். ஊக்கும் நெருப்பில் காட்டிய ஊசியுமே முதலுதவிப் பெட்டி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1998-இல் காட்டுவேலைக்கான பாதுகாப்பு நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. தலைக்கவசம், கண்காப்பு, முன்தகடு வைத்த காலணி, இயந்திர வாளுக்குத் தடுப்புக் கால்சட்டை என்று அதில் எல்லாம் உண்டு. ஜெர்மானியரான ஷ்டீல் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி வாளை உருவாக்கினார். அதன் வழிவந்த பெட்ரோல் வாள் இன்று நம் கருவேலங்காட்டிலும் இரைகிறது. வாள் வந்து சேர்ந்தது. கால்சட்டையும் கவசமும் வழியிலேயே நின்றுவிட்டன.

வெட்டிய மரம் விறகாகவே செங்கல் சூளைக்கும் மின் நிலையத்துக்கும் போகலாம். கரியானால் மதிப்பு கூடும். துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் பூசி மூடி, தீ மூட்டி, காற்றுக்குச் சிறு துளைகள் விடுவார்கள். முதலில் வெள்ளைப்புகை: மரத்தின் ஈரம். புகை மெலிந்து நீலம் பாரிக்கையில் கரி ஆகிவிட்டதென்று பொருள். துளைகளை அடைக்க வேண்டும். அந்த நிறத்தைக் கண்டு சொல்வதே இத்தொழிலின் படிப்பு. இடையில் மேல்மண் எங்காவது வெடித்துக் காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். ஆகவே இரவும் காவல் உண்டு. வெடிப்பை அடைக்க மேட்டின் மேலேறுபவன் கால் உள்ளே இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. நான்கைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைத்தால் நல்ல மூட்டம். தூர்க்கட்டையின் கரி கனமானது, விலையும் கூடுதல். இஸ்திரிப் பெட்டிக்கும் உணவகத்து அடுப்புக்கும் கொல்லன் உலைக்கும் போகும் கரி இதுவே.

விலையின் பெரும்பங்கு மூட்டம் போட்டவனுக்குச் சேர்வதில்லை. கண்மாய் மரங்களை ஏலம் எடுக்கிறவர் ஒருவர். வெட்டுக்கு ஆள் பிடிக்கிறவர் ஒருவர். முன்பணம் வாங்கிக்கொண்டு வெட்டுகிறவர் மூன்றாமவர். அந்த முன்பணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தொலைவில் சாட்சி தேட வேண்டாம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளின் மரம்வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேர் மீட்கப்பட்டனர்; பெரும்பாலோர் இருளர். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தை நாளிதழ்களில் பார்த்தோம். சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக ஆண்டுக்கணக்கில் வெட்டியவர்கள் அவர்கள்.

வைகோ தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற ஆணையிட்டு, 2017 தொடக்கத்தில் அதை விரைவுபடுத்தியபோது ஊரெங்கும் ஒரே முழக்கம். மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றின் ஈரத்தையும் குடிக்கிறது என்றெல்லாம் துண்டறிக்கைகள். அவ்வாண்டிலேயே இடைக்காலத் தடையும் வந்தது. நீர்நிலைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் இம்மரம் செய்த கேடு உண்மை, அதை மறுப்பதற்கில்லை. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. ஆனால் இந்த வாதங்கள் நடந்த மன்றங்களிலெல்லாம் மரத்துக்கு எதிராகவும் சார்பாகவும் பேசியவர்கள் இருந்தார்களேயன்றி, மரம் வெட்டுகிறவன் இனி எதை வெட்டுவான் என்று பேசியவர் மிகச் சிலரே.

இன்னொரு முரணும் உண்டு. அடியோடு பெயர்க்காமல் வெட்டப்பட்ட சீமைக்கருவேல் முன்னிலும் அடர்த்தியாய்த் துளிர்க்கும். கோடாரிக்காரன் கணுக்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போவது சோம்பலால் அன்று. மூன்றாண்டு கழித்து அவனுக்கோ அவன் பிள்ளைக்கோ அங்கே வேலை வேண்டும். வேரோடு பிடுங்கும் பொக்லைன் இயந்திரம் அந்தக் கணக்கை அறியாது. கமுதிப் பக்கம் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தபோது சமப்படுத்தப்பட்ட பரந்த வெளியைப் பார்த்தவர்க்கு, வெட்டுவதற்கு இனி ஒன்றுமே இல்லாத நிலம் எப்படியிருக்கும் என்பது தெரிந்திருக்கும்.

கோடாரி மழுங்கினால் கொல்லன் பட்டறைக்குத்தான் போக வேண்டும். துருத்தி ஊத, உலையில் கனல்வது சீமைக்கருவேலங்கரி. அதில் பழுக்கக் காய்ச்சி அடித்துக் கூராக்கிய அலகைத் தோளில் போட்டுக்கொண்டு மறுநாள் விடியுமுன் கண்மாய்க்கு நடக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் கருவேலங்காட்டுக்குள் காற்று நுழையாது.