முடிவிலிச் சுவர்: ஓர் ஒலியியல் கலைச்சொல்லின் வரலாறு

சில கலைச்சொற்கள் தாம் குறித்த பொருளை விட்டு நெடுந்தொலைவு சென்று, பின்பு ஒருநாள் தொடங்கிய இடத்திற்கே திரும்பிவிடுகின்றன. ‘இன்ஃபினிட் பேஃபிள்’ அத்தகையது. வட அமெரிக்காவில் வீட்டின் நிலவறையைத் திரையரங்காக மாற்றிக்கொள்வோரிடையே இது ஒரு பொருளின் பெயர். “இன்ஃபினிட் பேஃபிள் சப்வூஃபர் கட்டியிருக்கிறேன்” என்று அவர்கள் இயல்பாகச் சொல்கின்றனர். தமிழில் ‘முடிவிலித் தடுப்பு’ எனலாம். முடிவே இல்லாத ஒன்றை எவ்வாறு கட்ட முடியும்? மொழியியல் படித்தவனுக்கு எழும் இந்த எளிய ஐயத்தைப் பின்தொடர்ந்தபோது, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகால ஒலியியல் வரலாறு கண்முன் விரிந்தது. அதைச் சுருக்கமாக இங்கே பதிகிறேன்.

முதலில் தடுப்பு எதற்கு என்று பார்ப்போம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. ஆகவே ஒரே கூம்பிலிருந்து ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அலைகள் பிறக்கின்றன. பின்னலை ஓரத்தைச் சுற்றி வந்து முன்னலையோடு சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உயர்ந்த சுரங்களில் அலைநீளம் சிறிது என்பதால் இவ்விழப்பு பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் 20 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் ஏறத்தாழ 17 மீட்டர். கையகலக் கூம்பைச் சுற்றிவர அந்த அலைக்கு எந்தத் தடையும் இல்லை. பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். மெலிந்த குரலே வரும். ஓர் அட்டையில் வட்டமாகத் துளையிட்டு அதன்மேல் வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி பேசத் தொடங்கும். அந்த அட்டைதான் பேஃபிள். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வினையாகக் குழப்புதல், முயற்சியை முறியடித்தல் என்ற பொருள்கள் உண்டு. கொதிகலனில் வாயுவின் போக்கைத் தடுக்கும் தகட்டுக்கும் அதே பெயர். இங்கே பின்னலையின் முயற்சி முறியடிக்கப்படுகிறது.

அட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பின்னலை சுற்றி வரும் வழி அரை அலைநீளமாவது இருக்க வேண்டுமெனில், 20 ஹெர்ட்ஸுக்கு அது எட்டரை மீட்டரைத் தாண்டும். அவ்வளவு அகலமுள்ள பலகையை யார் வீட்டில் வைப்பது? இந்தத் தொல்லையை முதலில் கடந்தவர் ஒரு கணித அறிஞர். அவர் பலகையைச் செய்யவில்லை, கற்பித்துக்கொண்டார்.

1872ஆம் ஆண்டின் இறுதியில், நோயிலிருந்து தேறி எகிப்துக்குச் சென்ற ராலே பிரபு, நைல் நதியில் ஒரு படகு வீட்டில் இருந்தபடி ‘ஒலியியல் கோட்பாடு’ என்னும் நூலை எழுதத் தொடங்கினார். அதன் முதல் தொகுதி 1877இலும் இரண்டாம் தொகுதி 1878இலும் வெளிவந்தன. இரண்டாம் தொகுதியில், எல்லாத் திசையிலும் முடிவின்றி விரியும் விறைப்பான தளத்தில் பதிந்து அதிரும் ஒரு வட்டத்தட்டின் மீது காற்று என்ன எதிர்விசை செலுத்தும் என்று அவர் கணக்கிட்டார். மின்னொலிபெருக்கி என்ற கருவி அன்று புழக்கத்திலேயே இல்லை. முடிவிலியை அவர் நாடியது கணக்கின் வசதிக்காக. சுவருக்கு முடிவு இல்லையென்றால் ஓரம் இல்லை. ஓரம் இல்லையென்றால் அதைச் சுற்றி வளையும் அலையும் இல்லை. வெளி இரண்டு பாதிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பாதியை மட்டும் கணக்கிட்டால் போதும். ஆக, முடிவிலிச் சுவர் பிறக்கும்போது அது ஒரு கருதுகோள்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கருதுகோளுக்கு உடல் கிடைத்தது. 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும், கொம்பு வடிவக் குழல் தேவைப்படாத புதிய ஒலிபெருக்கியைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய கூம்பு, அதைச் சுற்றித் தடுப்பு. இன்றுவரை பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் அடிப்படை இதுவே. கூம்பின் இயல்பான ஒத்ததிர்வு, நாம் கேட்க விரும்பும் சுரங்களுக்குக் கீழே அமைய வேண்டும் என்பது அவர்கள் கண்ட நுட்பம். அதற்கு மேலே கூம்பின் நிறையே அதன் அசைவை ஆள்கிறது. ஒலியழுத்தம் ஏறக்குறையச் சீராக நிற்கிறது. அடுத்த ஆண்டு இவ்வடிவம் ‘ரேடியோலா 104’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

இதன்பின் முப்பது ஆண்டுகள், பின்னலையை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பல விடைகள் முளைத்தன. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932இல் பெற்ற காப்புரிமை, பெட்டியில் ஒரு வாயில் அமைத்துப் பின்னலையையும் பயன்கொள்ளும் வழியைக் காட்டியது. இங்கிலாந்தில் வார்ஃப்டேல் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ் மணல் நிரப்பிய பலகைகளையும் செங்கல்லால் கட்டிய மூலைக்கூடுகளையும் பரிந்துரைத்தார். அமெரிக்க ஆர்வலர்கள் வீட்டுச் சுவரிலோ துணி அலமாரியின் கதவிலோ துளையிட்டு ஒலிபெருக்கியைப் பதித்தனர். சுவரின் ஒருபுறம் கூடம், மறுபுறம் வேறோர் அறை; பின்னலை அந்த அறையிலேயே அடைபட்டுப்போகும். ராலேயின் சுவருக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். சுவர் முடிவின்றி நீளவில்லை. ஆனால் பின்னலை திரும்பி வரவில்லை. கூம்பின்மேல் எதிர்விசை காட்டும் அளவுக்கு மறுபக்கக் காற்றும் குறுகவில்லை. முடிவிலி என்பது இங்கே நீளத்தின் பெயர் அன்று, இவ்விரு நிபந்தனைகளின் பெயர்.

1954இல் எட்கர் வில்ச்சர் இரண்டாம் நிபந்தனையைத் தலைகீழாக்கினார். ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், சிறிய மூடிய பெட்டி ஒன்றை ஏஆர்-1 என்ற பெயரில் வெளியிட்டது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு வில்சுருள் போல் எதிர்க்கும் என்பது முன்பே தெரிந்த குறை. வில்ச்சர் அக்குறையையே உறுப்பாக்கினார். கூம்பைத் தாங்கும் விளிம்பை மிகத் தளர்வாக அமைத்து, அதை மீட்டிழுக்கும் வேலையைக் காற்றிடம் ஒப்படைத்தார். துணியும் காகிதமும் காட்டும் எதிர்ப்பைவிடக் காற்றின் எதிர்ப்பு சீரானது என்பதால் ஒலிச்சிதைவு குறைந்தது. நம்மூர்த் தேநீர்க் கடைகளில் மண்பானையின் வாயில் ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்தார்களே, அப்பானையும் பின்னலையை அடைக்கும் சிறிய மூடிய கூடுதான். கணக்குப் பார்த்துச் செய்யப்படவில்லை என்பதே வேறுபாடு.

1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு பரவியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஒலிபெருக்கிகள் தேவைப்பட்டன. குளிர்பதனப் பெட்டி அளவுள்ள கூடுகள் இரண்டை யாரும் கூடத்தில் வைக்க விரும்பவில்லை. சிறிய பெட்டி வென்றது. சுவரில் துளையிடும் வழக்கம் அருகியது.

சொல்லின் வரலாற்றில் வியப்பான திருப்பம் இந்தக் கட்டத்தில் நேர்கிறது. பொருள் மறைந்தது, பெயர் மறையவில்லை. பிரிட்டிஷ் வழக்கில், முற்றிலும் மூடிய எந்தப் பெட்டியும், புத்தக அலமாரியில் அடங்கும் சிறு பெட்டி உட்பட, ‘இன்ஃபினிட் பேஃபிள்’ என்று அழைக்கப்படலாயிற்று. பின்னலை வெளியே வராது என்ற முதல் நிபந்தனை மட்டும் சொல்லில் எஞ்சியது. காற்று எதிர்க்காது என்ற இரண்டாவது உதிர்ந்துவிட்டது. மொழியியலில் இதைப் பொருள் விரிவு என்போம். ஆனால் பொறியியலில் இது விலை கொடுக்க வைக்கும் விரிவு. அக்கால விலைப்பட்டியலில் காணும் சொல்லுக்கு ராலேயின் பொருளைக் கொண்டு படிப்பவர், பொருளை முழுதும் மாற்றிப் புரிந்துகொள்வார்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவித்தது ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு. நெவில் தீல் 1961இல் அங்குள்ள பொறியாளர் இதழில் வெளியிட்ட கட்டுரை, ஒலிபெருக்கியையும் பெட்டியையும் சேர்த்து ஒரு மின்வடிகட்டியாகக் காணக் கற்றுத்தந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1971இல், அமெரிக்க ஒலிப்பொறியியல் சங்க இதழ் அதை மறுவெளியீடு செய்தபோதுதான் அது உலகறிந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1972, 1973 ஆண்டுகளில் மூடிய பெட்டிக்கான முழுக் கணக்கை வகுத்தார். கூம்பின் தாங்கமைப்பு எவ்வளவு மென்மையானது என்பதை, அதே மென்மையுள்ள காற்றின் கொள்ளளவாகக் கூறும் வழக்கம் உண்டு. அதைச் சமகாற்றுக் கொள்ளளவு எனலாம். அதைப் பின்னறையின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால், ஒத்ததிர்வு எத்தனை மடங்கு உயரும் என்று தெரிந்துவிடும். வில்ச்சரின் பெட்டியும் ராலேயின் சுவரும் பகைக் கொள்கைகள் அல்ல. ஒரே சமன்பாட்டின் இரு முனைகள்.

மறைந்த பொருள் திரும்பியது திரைப்படத்தின் வழியாக. 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துடன் திரையரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டல் முறை, ஆழ்ந்த முழக்கங்களுக்கென்றே ஒரு தனித்தடத்தைக் கொண்டிருந்தது. ‘5.1’ என்பதில் உள்ள புள்ளி ஒன்று அதுவே. 1997இல் அமெரிக்காவில் டிவிடி வந்தபின் அத்தடம் வீட்டுக்குள் நுழைந்தது. அங்கே குளிர்ப்பகுதிகளில் நிலம் உறையும் ஆழத்திற்குக் கீழே அடித்தளம் போட வேண்டியிருப்பதால், பல வீடுகளுக்கு நிலவறை இயல்பாகவே அமைகிறது. அதன் ஒரு பகுதி திரையரங்கு, மறுபகுதி தட்டுமுட்டுச் சாமான் அறை, நடுவே ஒரு தடுப்புச் சுவர். ராலே கற்பித்த தளம் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 18 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு கொண்ட நான்கு பெரிய ஒலிபெருக்கிகள். ஒவ்வொன்றின் சமகாற்றுக் கொள்ளளவு 300 லிட்டர் என்றால் மொத்தம் 1,200 லிட்டர். பின்னறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் எனில் 28,800 லிட்டர். அதாவது 24 மடங்கு. ஒத்ததிர்வு 18இலிருந்து 18.4 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே உயரும். காற்று இருப்பதே கூம்புக்குத் தெரியாது. பத்து மடங்கு இடம் இருந்தாலே உயர்வு ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்கும். அதே நான்கையும் 400 லிட்டர் பெட்டியில் அடைத்தால் ஒத்ததிர்வு 36 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். முழுதாக ஒரு ஸ்தாயி மேலே. நான்கையும் ஒரு மரக்கூட்டின் பக்கங்களில் எதிரெதிராகப் பொருத்தி, கூட்டின் வாயை மட்டும் திரையரங்கின் பக்கம் திறந்துவைப்பது வழக்கம். எதிரெதிர் உந்தல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் சுவர் அதிர்வது குறைகிறது.

பழைய பொருள்மயக்கம் இன்றும் இழப்பை உண்டாக்குவதையும் சொல்ல வேண்டும். மூடியிருந்தால் போதும் என்று நம்பி 1,200 லிட்டர் அலமாரியைப் பின்னறையாகக் கொள்பவருக்கு ஒத்ததிர்வு 25 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். வாயில் வைத்த பெட்டிக்கென உருவான, கியூ மதிப்பு 0.35 உள்ள ஒலிபெருக்கியை வாங்கிச் சுவரில் பதிப்பவருக்கு, ஒத்ததிர்வில் ஒலி 9 டெசிபெல் தாழ்ந்து, முழக்கம் மெலியும்; இங்கே தேவை 0.7 அளவிலான மதிப்பு. இரு அறைகளுக்கும் இடையில் கதவிடுக்கோ காற்றுக்குழாயோ திறந்திருந்தால், எதைத் தடுக்கச் சுவர் எழுப்பினோமோ அதுவே நிகழும்.

சரியாகக் கட்டினாலும் விலை உண்டு. ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே ஒலியளவைத் தர, கூம்புகள் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். மீட்டிழுக்கும் காற்றுச்சுருள் இல்லாததால் எல்லை மீறாமல் காப்பது வடிவமைப்பவரின் பொறுப்பாகிறது. முன்னறைக்குச் சென்ற அளவு ஒலி பின்னறைக்கும் செல்லும். வீடே பெட்டியாகிவிடுவதால், வீடு மாறும்போது எடுத்துச்செல்லவும் முடியாது.

ராலேயின் முடிவிலி ஓரத்தை நீக்கும் உத்தி. வில்ச்சர் காலத்து வணிகத்தில் அது வெறும் அடைமொழி. நிலவறையில் அது மீண்டும் இரண்டு நிபந்தனைகளாக நிற்கிறது: பின்னலை திரும்பக் கூடாது, காற்று எதிர்க்கக் கூடாது. கலைச்சொல்லைத் தமிழில் ஆக்கும் மாணவ நண்பர்களுக்கு இதில் ஒரு பாடம் இருப்பதாகக் கருதுகிறேன். சொல்லை மட்டும் பெயர்த்தால் ‘முடிவிலி’ கிடைக்கும். அது எந்த நிபந்தனையைச் சுமந்து வந்தது, வழியில் எதை இறக்கிவைத்தது என்று கேட்டால்தான் பொருள் கிடைக்கும். இச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஆக்கம் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.