வேடசந்தூர் வட்டாரத்தில் வீட்டுவரி: ரசீதுப் புத்தகம் முதல் பொது இணையத்தளம் வரை

வேடசந்தூர், திண்டுக்கல் மாவட்டத்தில் குடகனாற்றின் கரையில் அமைந்த ஒரு பேரூராட்சி. வட்டத் தலைநகரும் ஆகும். இவ்வூரைச் சுற்றியுள்ள கல்வார்பட்டி, விருதலைப்பட்டி முதலிய சிற்றூர்கள் தனித்தனிக் கிராம ஊராட்சிகள். பேரூராட்சியும் கிராம ஊராட்சிகளும் நெடுங்காலம் தத்தம் பதிவேட்டில் எழுதி, தத்தம் ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்து வரி வசூலித்தன. இன்று அந்த வசூல் மாநிலம் முழுமைக்குமான பொது இணையத்தளங்களுக்கு மாறியுள்ளது. இம்மாற்றத்தின் வரலாற்றையும் விளைவுகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

வீட்டுவரியின் தொடக்கம்

நிலத்துக்குரிய கிஸ்தி அரசுக்குச் சேரும். வீட்டுவரி உள்ளாட்சிக்குச் சேரும். இவ்விரண்டும் வெவ்வேறானவை. திண்டுக்கல் நகராட்சி 1866-இல் அமைந்தது. சிற்றூர்களுக்கு இம்முறை பின்னரே வந்தது. ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884-ஆம் ஆண்டின் சென்னைத் தல வாரியச் சட்டம் சில ஊர்களைச் சேர்த்து ‘யூனியன்’ அமைக்க வழிசெய்தது. தெருவிளக்கு, துப்புரவு ஆகியவற்றின் செலவுக்கு அந்த யூனியன்கள் வீட்டுவரி விதித்தன. வரி கொடுப்பவர் தம் தெருவிலேயே அதன் பயனைக் காண வேண்டும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

விடுதலைக்குப் பின் 1950, 1958 ஆகிய ஆண்டுகளின் பஞ்சாயத்துச் சட்டங்கள் இந்த அமைப்பை விரிவாக்கின. ஊராட்சி ஒன்றியங்கள் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தோன்றியவை. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஏற்ப இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இன்று நடைமுறையில் உள்ளது. இதன்படி வீட்டுவரி விதிக்கப்படுகிறது. இதனுடன் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது.

பதிவேட்டின் காலம்

ஊராட்சி அலுவலகத்தின் வரிக்கணக்கு ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்னும் மூன்று சொற்களில் அடங்கும். எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்பவையே அவை. சிற்றூர்களில் ஊராட்சிச் செயலரும், பேரூராட்சியில் பில் கலெக்டரும் வீடு வீடாகச் சென்று பணம் வாங்கி ரசீது கொடுத்தனர். அறுவடைக்குப் பின் தருகிறேன் என்று சொல்வோருக்குத் தவணை கிடைத்ததும் உண்டு.

இம்முறையின் குறைகளும் வெளிப்படையானவை. ரசீது எழுதிய நாளுக்கும் பணம் வங்கியில் சேரும் நாளுக்கும் இடைவெளி இருந்தது. ஓர் ஊராட்சியின் நிலுவையை அறிய மேலதிகாரி நேரில் வந்து பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. திருப்பூரிலோ கோவையிலோ வேலை பார்க்கும் குடும்பம் ஊருக்கு வரும்போதுதான் வரி கட்ட முடிந்தது.

பொதுத் தளத்தை நோக்கி

பல கட்டணங்களை ஒரே இடத்தில் செலுத்தும் முயற்சி தென்னிந்தியாவில் 2000-ஐ ஒட்டித் தொடங்கியது. கேரளத்தில் 2000-இல் ‘பிரண்ட்ஸ்’ மையமும், ஐதராபாத்தில் 2001-இல் ‘இ-சேவா’ மையமும் திறக்கப்பட்டன. கேரளத்தின் ‘சஞ்சயா’ மென்பொருள் உள்ளாட்சி வரிக்கணக்குகளைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அங்கு நகர்ப்புற அமைப்புகளின் சேவைகள் 2024 ஜனவரி 1 முதல் ‘கே-ஸ்மார்ட்’ என்னும் ஒரே தளத்தில் தரப்படுகின்றன. 2016-இல் வந்த யுபிஐ முறை, சிறு தொகையையும் கைப்பேசி வழியே செலுத்துவதை எளிதாக்கியது.

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகளும் ஊரக உள்ளாட்சிகளும் வெவ்வேறு துறைகளின் கீழ் உள்ளன. ஆகவே தளங்களும் இரண்டாயின. வேடசந்தூர், எரியோடு, வடமதுரை, அய்யலூர் போன்ற பேரூராட்சிகள் நகராட்சி நிர்வாகத் துறையின் பொதுத் தளத்தில் அடங்கும். கிராம ஊராட்சிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் ‘விபிடாக்ஸ்’ தளம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்தின் எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் இது ஒன்றே. வீட்டுவரியுடன் குடிநீர்க் கட்டணம், தொழில்வரி முதலியவற்றையும் இதில் செலுத்தலாம். நூற்பாலைகள் நிறைந்த வேடசந்தூர் வட்டாரத்தில் தொழில்வரி முக்கியமானது. அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு இவ்வரிக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு விதித்துள்ளது.

2023-இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள், அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் சொத்துவரி செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகையும், காலம் கடத்துவோருக்கு மாதம் 1 விழுக்காடு வட்டியும் வகுத்துள்ளன. நாளைக் கணக்கிடுவது இப்போது கணினி. முன்பு போல வாய்மொழித் தவணைக்கு இதில் இடமில்லை.

ரசீதின் மதிப்பு

வீட்டுவரி ரசீது பணம் கட்டியதற்கான சீட்டு மட்டுமன்று. மின் இணைப்பு, வங்கிக் கடன், முகவரிச் சான்று ஆகியவற்றுக்கு மக்கள் எடுத்துச் செல்லும் ஆவணமும் அதுவே. பட்டா இல்லாத குடும்பத்துக்குத் தான் அவ்வீட்டில் வாழ்வதைக் காட்டும் ஒரே தாளாகவும் அது இருக்கக்கூடும். எனினும் அது உரிமைப் பத்திரம் ஆகாது.

இதனால் பழைய பதிவேட்டிலிருந்து கணினிக்கு விவரங்களை ஏற்றிய பணி மிகுந்த கவனத்துக்குரியது. இறந்துபோன தந்தையின் பெயரிலேயே தொடரும் வரிவிதிப்பு, பாகம் பிரித்த பின்னும் ஒரே எண்ணில் உள்ள வீடு, எழுத்துப் பிழையுள்ள பெயர் ஆகியவற்றைக் காகிதப் பதிவேட்டின் காலத்தில் முகம் தெரிந்த செயலர் புரிந்துகொண்டு ரசீது எழுதினார். இணையத்தளமோ வரிவிதிப்பு எண்ணை மட்டுமே அறியும். அங்கு பிழை திருத்தப்படும் வரை அக்குடும்பத்தின் ரசீதும் பிழையாகவே அச்சாகும். பெயர் மாற்றத்தைக் காலத்தே செய்துகொள்வது இப்போது முன்னிலும் தேவையாகிறது.

வரியும் மன்றமும்

1884-இல் தொடங்கிய கருத்தில், வரி கட்டுதலும் கணக்குக் கேட்டலும் சேர்ந்தே இருந்தன. வசூல் எளிதாகியிருந்தாலும் கேட்கும் இடம் எல்லாக் காலத்திலும் ஒரே வலிமையுடன் இருந்ததில்லை. திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் 2016 அக்டோபரில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தல் நடைபெறவில்லை. அவ்வாறு தேர்வான மன்றங்களின் காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. மன்றம் இல்லாத நாட்களிலும் வரித்தளம் இயங்குகிறது.

அந்நாட்களிலும் மக்களுக்கு எஞ்சியிருப்பது கிராமசபை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய இச்சபையில், ஊராட்சியின் வரவு செலவு மக்கள் முன் வைக்கப்படுகிறது. கேட்பு, வசூல், நிலுவை ஆகிய மூன்றும் இன்று கணினியில் ஒரு நொடியில் கிடைக்கின்றன. அவற்றைச் சபையில் படிக்கச் சொல்லிக் கேட்பதும், அந்தப் பணத்தில் எந்தத் தெருவிளக்கு எரிகிறது என்று வினவுவதும் வரி செலுத்துவோரின் உரிமையாகவே தொடர்கின்றன.