பனி பெய்வதே இல்லை!

தமிழ்ல நாம "பனி பெய்யுது"ன்னு சொல்றோம். மழை மாதிரி மேலே இருந்து விழுதுன்னு அர்த்தம். ஐரோப்பாவுலயும் ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினாங்க. 18-ஆம் நூற்றாண்டுல சிலர், "இல்ல, அது தரையிலிருந்து மேலே எழும்புது"ன்னு வாதாடினாங்க. இந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்தவர் லண்டன் டாக்டர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ்.

அவர்கிட்ட இருந்தது தோட்டம், தெர்மாமீட்டர், தராசு, கொஞ்சம் கம்பளி. அவ்வளவுதான். ஒரு பலகையை நான்கு அடி உயரக் கால்கள் மேல் நிறுத்தி, 10 கிரெயின், அதாவது சுமார் 0.65 கிராம் கம்பளியை மேலே வைத்தார். அதே அளவை அடியில் ஒட்டினார். ஓர் இரவில் மேலே இருந்தது 14 கிரெயின் கூடியது. அடியில் இருந்தது 4 கிரெயின்.

தரையிலிருந்து எழும்பினா, அடியில இருக்கறதுதானே அதிகம் நனையணும்? சரி, மேலே இருந்து விழுதா? வாய் திறந்த ஒரு மண் உருளையைப் புல் மேல் நிறுத்தி, உள்ளே கம்பளி வைத்தார். மழைன்னா அது நல்லா நனைஞ்சிருக்கும். ஆனா மிகக் கொஞ்சம் ஈரம்தான். ரெண்டு தியரியும் அவுட்!

விடை தெர்மாமீட்டரில் இருந்தது. தெளிவான இரவில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, காற்றை விடக் குளிர்கிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்ந்து, அதிலிருக்கும் நீராவி அங்கேயே தண்ணீராகிறது. ஐஸ் வாட்டர் டம்ளர் வெளியே வியர்க்குதே, அதே கதைதான். மேகமோ மரமோ மேலே இருந்தா, அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். மரத்தடியில நிறுத்தின பைக் சீட் காய்ஞ்சிருக்க, வெட்டவெளியில நின்னது நனைஞ்சிருக்கறது இதனாலதான்.

வங்காளத்தில் வைக்கோல் மேல் ஆழமில்லாத மண் சட்டிகளில் தண்ணீர் வைத்து ஐஸ் எடுத்ததையும் அவர் இதை வைத்தே விளக்கினார்.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. 1784-ல வெல்ஸே, பனி படியறதாலதான் குளிருதுன்னு நினைச்சவர். அளந்து பார்த்தப்போ வரிசை தலைகீழ்: குளிர் முதல்ல, பனி அப்புறம். அதை 1814-ல் புத்தகமாகவே எழுதினார். அதுக்கு ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்டு பதக்கம் கிடைத்தது. மூணே வருஷத்தில், 60 வயதில் இறந்துபோனார்.

ரெண்டு விஷயம் சேர்ந்தே நடந்தா, எது காரணம், எது விளைவு? கோட்ல பக் தேடறப்போ நான் தினமும் கேக்கற கேள்வி. அவர் அதை ராத்திரி முழிச்சு, கம்பளியை எடை போட்டுக் கேட்டிருக்கார்.