கீபோர்டு பட்டன்களுக்குள் ஒரு வரலாறு

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கண்ணமங்கலத்தைத் தாண்டி போளூர் வருவதற்கு முன்னால் இருக்கிறது சந்தவாசல். பக்கத்திலேயே ஜவ்வாது மலை. இந்த வட்டாரம் தெருக்கூத்துக்குப் பேர் போனது. திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா வந்துவிட்டால் விடிய விடிய பாரதக் கூத்துதான். அந்தக் கூத்தில் முகவீணை, மிருதங்கம், தாளத்தோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பது ஆர்மோனியம். இன்னிசைக் கச்சேரி என்றால் அதே இடத்தில் எலக்ட்ரானிக் கீபோர்டு இருக்கும். எந்தக் கம்பெனி தயாரித்ததாக இருந்தாலும் சிலருக்கு அது "கேசியோ", இன்னும் சிலருக்கு "ஆர்கன்".

ஆர்மோனியத்தில் இழுத்துத் தள்ள சில குமிழ்கள் உண்டு, அவ்வளவுதான். கீபோர்டிலோ ரிவெர்ப், கோரஸ், ரோட்டரி, விப்ராட்டோ, பிட்ச் பெண்ட் என்று ஏகப்பட்ட வசதிகள். வாங்கியவர்களில் பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. ஆனால் பாருங்கள், இவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

முதலில் ரோட்டரி. அமெரிக்காவில் லாரன்ஸ் ஹேமண்ட் 1935-இல் மின்சார ஆர்கனை வெளியிட்டார். தேவாலயங்களில் இருந்த குழாய் ஆர்கனுக்கு மலிவான மாற்று அது. டொனால்ட் லெஸ்லி என்பவர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்து வாசித்தபோது அது உயிரில்லாமல் ஒலித்தது. பெரிய கூடத்தில் கேட்ட சத்தம் சின்ன அறையில் வரவில்லை. லெஸ்லி ஆர்கனைத் தொடவில்லை, ஸ்பீக்கரை மாற்றினார். பெட்டிக்குள் ஒலிக்குழலை மோட்டார் வைத்துச் சுற்றவிட்டார். ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது அதன் சுருதி ஏறி இறங்குவது போல, சுற்றும் குழலிலிருந்து வரும் ஒலியும் ஏறி இறங்கி அலையடித்தது. 1940-களின் தொடக்கத்தில் இது விற்பனைக்கு வந்தது. ஹேமண்டுக்கு இது பிடிக்கவே இல்லை, வாங்க மறுத்துவிட்டார். வாசிப்பவர்களோ ஹேமண்ட் ஆர்கன் என்றால் கூடவே லெஸ்லி பெட்டி வேண்டும் என்றார்கள். கடைசியில் 1980-இல் லெஸ்லி பெயரை ஹேமண்ட் கம்பெனியே விலை கொடுத்து வாங்கியது. இன்றைய கீபோர்டில் "ரோட்டரி ஸ்லோ / ஃபாஸ்ட்" என்று இருப்பது அந்தச் சுற்றும் பெட்டியின் நகல்தான்.

நம் ஊர்க் காதுகளுக்கு இந்த மாதிரிக் கருவி பழக்கமானது வேறு வழியில். கான்ஸ்டன்ட் மார்டின் 1947-இல் பிரான்சில் உருவாக்கிய கிளாவியோலின் ஒரு சின்ன கீபோர்டு. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கலாம், ஸ்பீக்கர் தனிப் பெட்டியில் இருக்கும். 1954-இல் வந்த "நாகின்" இந்திப் படத்தில் ஹேமந்த் குமார் இசையில் பாம்பாட்டியின் மகுடி ஒலியை இதில்தான் வாசித்தார் கல்யாண்ஜி. இன்றும் மகுடி என்றால் பலர் நினைவுக்கு வருவது நிஜ மகுடி அல்ல, அந்த மின்சார மகுடிதான்!

இதே காலத்தில் ஆர்மோனியத்தின் கதை சோகமானது. 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. கட்டைகள் நிலையான சுருதியில் இருப்பதால் நுட்பமான சுரங்கள் வராது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, கமகம் வராது என்பது குற்றச்சாட்டு. தோடி ராகத்தின் காந்தாரத்தை நினைத்துப் பாருங்கள். அது அசைந்தால்தான் தோடி. கட்டையை அழுத்தினால் ஒரே இடத்தில் நிற்கும். எனவே குற்றச்சாட்டு பொய்யல்ல. ஆனால் அதற்காக ஒரு கருவியை 30 வருஷத்துக்கு மேல் வானொலியிலிருந்து ஒதுக்கி வைத்தது அதிகம். தடை 1971-இல்தான் தளர்ந்தது. கூத்து மேடை அந்தத் தடைக்காகக் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், தடை தளர்வதற்கு முந்தைய வருஷமே, 1970-இல், மினிமூக் என்ற சிந்தசைசரில் இடது பக்கம் ஒரு சக்கரம் வந்துவிட்டது. அதை உருட்டினால் சுரம் மேலும் கீழும் வழுக்கும். அதுதான் பிட்ச் பெண்ட். செய்தவர்கள் கமகத்தை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் சென்னையில் கே. சத்யநாராயணன் போன்றவர்கள் கீபோர்டில் முழு கர்நாடக இசைக் கச்சேரி செய்வதற்கு இந்தச் சக்கரம் பெரிய துணை. பெரும்பாலான கீபோர்டுகளில் சக்கரம் இரண்டு அரைச்சுரம் வரை நகரும்படி வைத்திருப்பார்கள், தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளலாம். ஒரு நஷ்டமும் உண்டு. இடது கை சக்கரத்துக்குப் போய்விடுவதால் அந்தக் கையால் கார்டு பிடிக்க முடியாது.

இந்தக் கருவிகள் அப்போதெல்லாம் எல்லோருக்கும் எட்டாத விலை. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976-இல் காலமானபோது மகனுக்கு 9 வயது. அப்பா வைத்திருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்த மகன்தான் ஏ.ஆர். ரஹ்மான். ஒரு கீபோர்டு ஒரு வீட்டையே காப்பாற்றும் சொத்தாக இருந்த காலம் அது. பிறகு ஜப்பான் கருவிகள் விலை குறைந்து வந்தன. 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள யமஹா தொழிற்சாலையிலேயே கீபோர்டு தயாராகிறது.

சரி, கருவி வந்துவிட்டது. திறந்தவெளியில் அது எப்படி ஒலிக்கும்? எல்லாம் கெடுவது இங்கேதான். கூம்பு வடிவ ஒலிபெருக்கி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் சத்தம் வேகமாகக் குறைந்துவிடும். கீபோர்டின் நடுவில் இருக்கும் 'சி' கட்டையே 262 ஹெர்ட்ஸ்தான். அதாவது இடது கையால் வாசிப்பதன் அடிநாதம் பெரும்பாலும் காற்றோடு போகிறது. புல்லாங்குழல் போன்ற மென்மையான டோன் மங்கிவிடும். ஆர்கன், கிளாரினெட் டோன்கள் மேல்நாதம் நிறைந்தவை என்பதால் தப்பிக்கும்.

ரிவெர்பும் அப்படித்தான். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். தெருவில் 100 மீட்டர் தள்ளி இன்னொரு ஸ்பீக்கர் கட்டினால் அதன் சத்தமும் மேடைச் சத்தமும் கிட்டத்தட்ட 0.3 நொடி இடைவெளியில் காதுக்கு வரும். எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் கீபோர்டின் ரிவெர்பையும் ஏற்றினால் சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். ஹெட்போனில் தேன் மாதிரி இருந்த அமைப்பு மைதானத்தில் கஞ்சியாகிவிடும்.

ரோட்டரி, கோரஸ் இரண்டும் இடது வலது என இரு வழியாகப் பிரிந்து வருபவை. மைக் செட்காரரின் மிக்சரில் அவை ஒன்றாகக் கலந்தால் சில ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்து போகும். இதற்காகவே பல கீபோர்டுகளின் பின்பக்கம் ஒரு துளைக்கு "எல் / மோனோ" என்று பெயர் எழுதியிருக்கும். அதில் மட்டும் ஒரு வயரைச் செருகினால், கலப்பு வேலையைக் கீபோர்டே சரியாகச் செய்து அனுப்பும். மேடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் எதுவும் கேட்காது. கச்சேரிக்கு முன் வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, கடைசி வரிசை வரை நடந்துபோய்க் கேட்டால்தான் தெரியும்.