ஆலயக் கூரையில் ஒரு துளை

கத்தோலிக்கத் திருச்சபைக்கு வானியலின் துணை இன்றியமையாததாக இருந்ததற்கு முதற்காரணம் ஈஸ்டர் பெருவிழா. வசந்தகாலச் சம இரவு நாளிலோ, அதாவது பகலும் இரவும் ஒத்த நீளம் கொள்ளும் மார்ச் மாத நாளிலோ, அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஈஸ்டர் என்பது மரபாதலால், சூரியனின் ஆண்டையும் நிலவின் மாதத்தையும் ஏழு நாள் வாரத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே நாள் குறிக்கவேண்டிய பொறுப்பு திருச்சபையின்மேல் விழுந்தது. சம இரவு நாளை மார்ச் 21 என்று அது நிலையாக வைத்துக்கொண்டது. ஆனால் ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து வழங்கிவந்த நாட்காட்டியின் ஆண்டு 365¼ நாள். பருவங்கள் திரும்பிவரும் உண்மையான ஆண்டோ அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. இந்தச் சிறு பிழை சுமார் 128 ஆண்டுக்கு ஒரு நாளாகச் சேர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் வானத்துச் சம இரவு நாளை மார்ச் 11 அளவுக்குப் பின்னே தள்ளியிருந்தது. திருச்சபையின் தலையாய விழா தவறான நாளில் கொண்டாடப்படுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு அப்போது மறுமொழி இல்லை.

1514ஆம் ஆண்டையொட்டி, ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் நாட்காட்டித் திருத்தத்தை ஆராய்ந்தபோது கருத்துக் கேட்கப்பட்டவர்களுள் போலந்தின் வடகோடியில் ஓர் ஆலயக் குழுவில் உறுப்பினராக இருந்த நிக்கோலஸ் கோப்பர்நிக்கஸும் ஒருவர். ஆண்டின் நீளமே இன்னும் சரியாக அறியப்படாத நிலையில் திருத்தம் செய்ய இயலாது என்பது அவர் நிலைப்பாடு. 1543இல் வெளிவந்த தமது பெருநூலைத் திருத்தந்தை மூன்றாம் பவுலுக்குக் காணிக்கையாக்கிய முன்னுரையில் அவரே இதை நினைவுகூர்கிறார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன அந்த நூலும், பின்னாளில் அதைத் தடைசெய்த திருச்சபையும் ஒரே கணக்குச் சிக்கலைச் சுற்றித்தான் முதலில் சந்தித்துக்கொண்டன என்பதை மறந்துவிட்டால், பின்வரும் வரலாறு புரியாது.

திருத்தம் 1582இல் நடந்தேறியது. லூயிஜி லிலியோ என்னும் மருத்துவர் வகுத்த திட்டத்தை இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்டோபர் கிளேவியஸ் செப்பனிட்டு விளக்க, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரெகோரி அதை ஆணையாக வெளியிட்டார். அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி என்றானது. அந்த முயற்சியோடு தொடர்புடைய இன்னொருவர் எக்னாசியோ தாந்தி என்னும் தோமினிக்கன் சபைத் துறவி. பெரிய ஆலயத்தின் உயரத்தில் ஒரு துளையிட்டு, அதன் வழியே விழும் சூரிய ஒளியைத் தரையில் பதித்த தென்வடல் கோட்டில் நண்பகல்தோறும் அளந்தால் சம இரவு நாளையும் ஆண்டின் நீளத்தையும் கண்டறியலாம் என்ற முறையை அவர் கையாண்டார். ஃபுளோரன்ஸில் தொடங்கிய பணி அரைகுறையாக நிற்க, பொலோஞா நகரின் புனித பெட்ரோனியோ ஆலயத்தில் ஒரு கோட்டை வரைந்தார். பின்னர் வத்திக்கானிலேயே ‘காற்றுகளின் கோபுரம்’ என்னும் கட்டடத்தில் மற்றொன்றை அமைத்தார். பொலோஞாக் கோடு தூண்களுக்கு இடங்கொடுத்து உண்மையான தென்வடல் திசையிலிருந்து விலகிப் போயிருந்ததால் நுண்ணிய வேலைக்கு அது உதவவில்லை.

இதன் பின்னர் நிகழ்ந்தவற்றில் ஒரு பகுதியை எல்லோரும் அறிவர். 1616 மார்ச்சில் தடைநூல் பேராயம் கோப்பர்நிக்கஸின் நூலைத் ‘திருத்தப்படும் வரை’ நிறுத்திவைத்தது. 1633 ஜூன் 22 அன்று கலிலியோ மண்டியிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாக உறுதியளித்தார். அதிகம் பேசப்படாதது அந்தத் தடையின் உள்ளமைப்பு. 1615 ஏப்ரலில் கர்தினால் பெல்லார்மின், ஃபோஸ்காரினி என்னும் கார்மேல் சபைத் துறவிக்கு எழுதிய மடலில் அதன் அடிப்படை தெளிவாகத் தெரிகிறது: கோள்களின் தோற்ற அசைவுகளைக் கணக்கிடுவதற்காகப் பூமி நகர்வதாக வைத்துக்கொள்வதில் ஆபத்தில்லை, அது உண்மையிலேயே நகர்கிறது என்று வலியுறுத்துவதுதான் மறைநூலோடு மோதுகிறது. முன்னதற்குக் கருதுகோள் என்று பெயர். கணக்குக்குத் துணை நிற்கும் ஓர் ஏற்பாடு என்பதற்கு மேல் அது எதையும் கோராது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1620இல் பேராயம் கோப்பர்நிக்கஸின் நூலுக்கு வெளியிட்ட திருத்தப் பட்டியல் மிகச் சிறியது. நூலில் பயனுள்ள செய்திகள் பல இருப்பதால் அதை முற்றாக ஒழிக்க வேண்டியதில்லை என்ற ஒப்புதலும் அதனுடன் சேர்ந்தே வந்தது. பூமியின் மூவகை அசைவை நிறுவுவதாகக் கூறும் இயல்தலைப்பு, மூவகை அசைவு பற்றிய கருதுகோளையும் அதன் நிறுவலையும் பற்றியதாக மாற்றப்படவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இன்று இத்தாலிய நூலகங்களில் எஞ்சியுள்ள பழைய படிகள் பலவற்றில் அந்தச் சொற்களின்மேல் மையால் கோடிழுத்து ஓரத்தில் புதிய சொற்கள் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அட்டவணைகளிலும் கணித நிறுவல்களிலும் யாரும் கைவைக்கவில்லை. எண்களைத் திருச்சபை கேட்டு வாங்கிக்கொண்டது. எண்கள் எதைச் சுட்டுகின்றன என்று பேசும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. அந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த குறுகிய இடத்தில்தான் 17ஆம் நூற்றாண்டின் இத்தாலிய வானியலாளர்கள் வேலை செய்தார்கள். அந்த இடம் எவ்வளவு குறுகியது, அதற்குள் எவ்வளவு செய்ய முடிந்தது என்பதற்கு மீண்டும் பொலோஞாவுக்கே செல்லவேண்டும்.

பொலோஞா அன்று திருத்தந்தையின் ஆட்சிக்குட்பட்ட நாட்டின் இரண்டாவது பெருநகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இளவயதிலேயே வானியல் பேராசிரியரான ஜொவான்னி தொமேனிக்கோ காசினிக்கு 1655இல் வயது 30. ஆலயத்தை விரிவாக்கும் பணியில் தாந்தியின் துளை இருந்த சுவர் இடிக்கப்பட்டதைப் பயன்படுத்திக்கொண்டு, பழையதைவிட நீண்ட, பிழையற்ற ஒரு கோட்டை அமைத்துத் தருவதாக அவர் ஆலயக் கட்டுமானப் பொறுப்பாளர்களிடம் முன்வந்தார். தூண்கள் குறுக்கிடும், கோடு அமையாது என்று பலர் சொன்னார்கள். தூண்களை உரசாத குறையாக ஒளி நுழைந்து செல்லும் ஒரேயொரு வழியைக் கணக்கிட்டுக் கண்டுபிடித்த காசினி, அவ்வாண்டின் கோடைக்காலக் கதிர்த்திருப்ப நாளில், அதாவது சூரியன் வடகோடியை எட்டித் தெற்கே திரும்பும் ஜூன் நாளில், நகரப் பெருமக்களையும் பேராசிரியர்களையும் அழைத்துத் தம் கோட்டைக் காட்டினார்.

அதன் அளவுகளைச் சற்றே நெருங்கிப் பார்க்கவேண்டும். ஆலயத்தின் இடப்பக்க இடைவழிக் கூரையில், தரையிலிருந்து 27.07 மீட்டர் உயரத்தில் துளை. அதன் விட்டம் அந்த உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 27 மில்லிமீட்டர். தரையிலுள்ள கோட்டின் நீளம் சுமார் 67 மீட்டர். பூமியின் சுற்றளவில் ஆறு இலட்சத்தில் ஒரு பங்காக அது கொள்ளப்பட்டது. கோடையில் சூரியன் உச்சிக்கு அருகே நிற்பதால் ஒளிவட்டம் துளைக்கு நேர்கீழான இடத்திலிருந்து 10 மீட்டர் தொலைவில், ஒரு தாம்பாளத்தின் அளவில் விழும். டிசம்பரில் சூரியன் தாழ்ந்து நிற்கையில் அது கோட்டின் மறுகோடிக்குச் சென்று, ஓர் ஆளையே படுக்கவைக்கும் நீளத்துக்கு இழுபட்ட நீள்வட்டமாகிறது. கோட்டைக் கடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒளிவட்டம் கோட்டைக் கடந்து முடிக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். அதற்குள் அதன் இரு விளிம்புகளையும் குறித்துவிடவேண்டும். தவறினால் மறுநாள் நண்பகல் வரை காத்திருக்கவேண்டும், மறுநாள் மேகம் இல்லாதிருக்கவும் வேண்டும்.

ஈஸ்டர் கணக்குக்கு இதில் பாதி நுட்பமே போதும். காசினியின் குறி வேறொன்றின் மீதும் இருந்தது. வசந்தமும் கோடையும் சேர்ந்த அரையாண்டு, இலையுதிர் காலமும் குளிர்காலமும் சேர்ந்த அரையாண்டைவிட ஏறத்தாழ ஏழெட்டு நாள் நீண்டது என்பது பண்டைக் காலத்திலேயே தெரிந்த செய்தி. சூரியன் சீரான வேகத்தில்தான் செல்கிறது. அதன் வட்டப்பாதையின் மையம் பூமியிலிருந்து விலகியிருப்பதால் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் அருகில் இருக்கும்போது விரைவாகவும் செல்வதுபோல் தோன்றுகிறது என்பது பண்டை வானியலாளர் தாலமியின் விளக்கம். வானியலாளர் கெப்ளரோ, வேறுபாட்டில் பாதிதான் தொலைவால் வரும் தோற்றம், மீதிப் பாதி வேகமே உண்மையில் மாறுவதால் வருவது என்றார். வானத்து ஒளிப்பொருள்கள் சீரான வேகத்தில் மட்டுமே செல்லும் என்ற ஈராயிரம் ஆண்டு நம்பிக்கையை அது உடைத்தது. இரண்டில் எது சரி என்பதற்கு ஒரு சோதனை உண்டு. தாலமி சரியென்றால் சூரியனின் தோற்ற விட்டம் ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே மாறும் அளவு, கெப்ளர் சொல்லும் அளவைப்போல் இருமடங்காக இருக்கவேண்டும். இரு கணிப்புகளுக்கும் இடையேயான வேறுபாடு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அக்காலக் கைக்கருவிகளுக்கு எட்டாத நுண்மை அது. புனித பெட்ரோனியோவின் தரையிலோ அந்தக் கோணம் கோடையில் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டராகவும் குளிர்காலத்தில் இரண்டு சென்டிமீட்டராகவும் விரிந்து கண்ணுக்குத் தெரிந்தது.

அளவீடு கெப்ளரின் பக்கம் நின்றது. உடன் சேர்ந்து பார்த்தவர்கள் பொலோஞாவின் இயேசு சபைக் கல்லூரியைச் சேர்ந்த ரிச்சோலியும் கிரிமால்டியும். 1651இல் வெளியிட்ட தமது பெருந்தொகுப்பில் பூமியின் அசைவுக்கு ஆதரவாக 49 வாதங்களையும் எதிராக 77 வாதங்களையும் அடுக்கி, பூமி நிலையானது என்று முடிவுகட்டியவர் ரிச்சோலி. கெப்ளரின் பாடநூலோ 1619 முதல் தடைநூல் பட்டியலில் இருந்தது. திருத்தந்தையின் நாட்டில், வழிபாட்டுக்குரிய ஓர் ஆலயத்தில், துறவிகளின் கண்முன்னே, தடைசெய்யப்பட்ட ஆசிரியரின் கருத்தொன்று மெய்ப்பிக்கப்பட்டது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். அப்படிச் சொல்வோரும் உளர். ஆனால் சிலர் ஆர்வமிகுதியால் எழுதுவதுபோலக் காசினி கோப்பர்நிக்கஸின் கொள்கையை ஆலயத்துக்குள் நிரூபித்துவிடவில்லை. சூரியன் பூமியைச் சுற்றினாலும் பூமி சூரியனைச் சுற்றினாலும் தரையில் விழும் ஒளிவட்டத்தின் அளவு ஒன்றே. மெய்ப்பிக்கப்பட்டது கெப்ளரின் பாதைக்கணக்கு. எது நகர்கிறது என்ற கேள்வியை அது தொடவில்லை. தொடவில்லை என்பதனால்தான் அதை அச்சிடவும், மதம் மாறிக் கத்தோலிக்கரான சுவீடன் அரசி கிறிஸ்டினாவுக்குக் காணிக்கையாக்கவும் முடிந்தது. காசினி கடைசிவரை அந்தக் கேள்வியில் வாய்திறக்கத் தயங்கியவர். அது நம்பிக்கையா, எச்சரிக்கையா, பழக்கமா என்று பிரித்துச் சொல்வது கடினம்; நீர்ப்பாசனப் பூசல்களிலும் கோட்டை வேலைகளிலும் திருத்தந்தையரின் ஆலோசகராக இருந்த ஒருவருக்கு இம்மூன்றும் தனித்தனியாக இருந்திருக்க வேண்டியதுமில்லை.

அந்தக் கோட்டிலிருந்து வேறு பயன்களும் விளைந்தன. காற்றுமண்டலம் ஒளியை வளைத்து விண்பொருள்களை உள்ளதைவிட உயரமாகக் காட்டும் விளைவு, 45 பாகை உயரத்துக்கு மேல் இல்லையென்று வானியலாளர் டைக்கோ பிராகே கருதியிருந்தார். அது தலையுச்சியை எட்டும் வரை சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே செல்கிறது என்று காசினியின் அளவுகள் காட்டின. சூரியன் அதுவரை நம்பப்பட்டதைவிட மிக மிகத் தொலைவில் இருக்கவேண்டும் என்பதும் அவற்றோடு பொருந்தியது. காசினியின் புகழ் அவரை 1669இல் பதினான்காம் லூயியின் பாரிஸுக்கு அழைத்துச் சென்றது. அங்கும் துறவியரோடு கொண்ட உறவு தொடர்ந்தது; பிரெஞ்சு மன்னர் கிழக்குத் திசைக்கு அனுப்பிய இயேசு சபைக் கணிதர்கள் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு உற்றுநோக்கல்களை அனுப்பிவந்தார்கள். அவர்களுள் ரிஷோ என்பவர் சயாமில் 1688இல் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பை அடுத்துப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து, 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, தென்வானின் ஆல்பா சென்டாரி ஒரு விண்மீன் அன்று, இரண்டு என்று கண்டார்.

ரிச்சோலியைப் பற்றி இன்னும் ஒன்று. அவரும் கிரிமால்டியும் வரைந்த நிலவு வரைபடத்தில், மிக எடுப்பாகத் தெரியும் குழிகளுள் ஒன்றுக்குக் கோப்பர்நிக்கஸின் பெயரையும், அதற்கு அருகிலுள்ள பளிச்சென்ற மற்றொன்றுக்குக் கெப்ளரின் பெயரையும் இட்டார்கள். இன்றும் அவையே வழங்குகின்றன. இதை மறைவான ஆதரவு என்று வாசிப்பவர்கள் உண்டு. எதிர்வாதங்களை 77 வரை எண்ணிய ஒருவர், தாம் மறுக்கும் ஆசிரியரின் கணிதத் திறமையை மதித்தார் என்று கொள்வதற்குமேல் அதில் தேடவேண்டியதில்லை.

ஆனால் இணக்கம் என்ற சொல்லால் இதை மூடிவிடுவதும் முறையன்று. வானியலுக்குப் பல நூற்றாண்டுகளாக மிகுந்த பொருளும் ஆதரவும் அளித்த நிறுவனம் கத்தோலிக்கத் திருச்சபையே என்று வரலாற்றாசிரியர் ஜான் ஹெய்ல்பிரான் எழுதியிருக்கிறார். பணத்தைப் பொறுத்தவரை அது ஏற்கத்தக்கதே. எனினும் கோள்கள் ஏன் அவ்வாறு நகர்கின்றன என்ற கேள்வியை எழுப்பாமல் எவ்வாறு நகர்கின்றன என்பதை மட்டும் அளந்துகொண்டிருப்பவர்களிடம் விசைகளின் இயற்பியல் பிறக்க வழியில்லை. அது 1687இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. இத்தாலியில் அதே காலத்தில் ஆலயக் கோடுகள் மேலும் செம்மையடைந்தன: 1695இல் காசினியே திரும்பிவந்து புனித பெட்ரோனியோவின் கோட்டைச் சரிபார்த்தார், 1702இல் திருத்தந்தை பதினொன்றாம் கிளமெண்டின் ஆதரவில் ரோமின் புனித மரியா தேவதூதர் ஆலயத்தில் வானியலாளர் பியாங்கினி மற்றொரு கோட்டை அமைத்தார்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தொலைநோக்கி பொருத்திய கருவிகள் ஆலயக் கோடுகளின் நுண்மையை மிஞ்சிவிட, அவை பெரும்பாலும் நகரக் கடிகாரங்களைச் சரிபார்க்க உதவுபவையாக மட்டும் எஞ்சின. பூமியின் அசைவைக் கூறும் நூல்கள் அனைத்தையும் தடைசெய்த பொதுவிதி 1758இன் பட்டியலில் விடப்பட்டது. அப்போது திருத்தந்தையாக இருந்த பதினான்காம் பெனடிக்ட் பொலோஞாவில் பிறந்து அந்நகரின் பேராயராகவும் இருந்தவர். ஆயினும் கோப்பர்நிக்கஸ், கெப்ளர், கலிலியோ ஆகியோரின் நூல்கள் பெயர் குறிப்பிட்டுத் தடைசெய்யப்பட்டவை என்பதால் பட்டியலிலேயே தங்கிவிட்டன. 1820இல் ரோமப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செத்தெலே பூமியின் அசைவை உண்மையென்று கூறும் தம் பாடநூலை அச்சிட முனைந்தபோது, தணிக்கைத் தலைவர் அன்ஃபோஸ்ஸி அதைக் கருதுகோளாக மாற்றி எழுதாவிட்டால் இசைவில்லை என்று பிடிவாதமாக மறுத்தார். மேல்முறையீடு திருத்தந்தை வரை சென்று, நூல் ஆசிரியர் விரும்பியபடியே அச்சேறியது. அதன் பிறகும் 1835இன் பட்டியல் வரும்வரை அந்த மூவரின் பெயர்கள் நீக்கப்படவில்லை.